தவிட்டிலிருந்து தூய அமைலேஸ் வரை: பூஞ்சை நொதியைப் பிரித்தெடுத்து ஆராயும் முழுமையான வழிகாட்டி

முதுநிலை ஆய்வேட்டுக்காக, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் நொதியை எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே பூஞ்சையை விதைத்துவிடுகிறார்கள். நான்கு நாளில் பூஞ்சை தயார். சர்க்கரை பட்டால் நிறம் மாறி, அதன் வழியே நொதியை அளக்க உதவும் டிஎன்எஸ் கரைசல் மட்டும் தயாராக இருக்காது. அப்புறம் சாறு குளிர்பெட்டியில் காத்திருக்கும், அதிலுள்ள புரோட்டியேஸ்கள் (புரதத்தை உடைக்கும் நொதிகள்) அமைலேஸைத் தின்றுகொண்டிருக்கும். இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரிந்தால் காரணம் அதுதான். அளவீடு முதலில், பூஞ்சை பிறகு.

எடுத்துக்கொண்ட நொதி, ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே வெளியே சுரக்கும் ஆல்ஃபா அமைலேஸ். மூலக்கூறு எடை 52 முதல் 54 கிலோடால்டன், சமமின்புள்ளி (புரதத்தின் மொத்த மின்னேற்றம் பூச்சியமாகும் பிஎச்) பிஎச் 4-ஐ ஒட்டி. நன்றாக வேலை செய்வது பிஎச் 5 முதல் 5.5 வரை, 50 டிகிரி செல்சியஸை ஒட்டி. கட்டமைப்பு குலையாமல் இருக்கக் கால்சியம் வேண்டும். இந்த நான்கு தகவல்களும்தான் பின்னால் வரும் முடிவுகளை எல்லாம் தீர்மானிக்கப் போகின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பூஞ்சையை சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயில் உள்ள என்சிஐஎம் போன்ற சேகரிப்பு மையங்களிலிருந்து அடையாள எண்ணோடு வாங்குங்கள். பூசணம் பிடித்த அரிசியிலிருந்து நாமே பிரித்துக்கொள்ளலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயும், அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கக்கூடிய ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸும் நெருங்கிய உறவு. கண்ணுக்கு இரண்டும் மஞ்சள் கலந்த பச்சைதான், நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று. காற்று கிடைமட்டமாக வரும் லேமினார் மேடையில் ஸ்போர்களை (பூஞ்சையின் நுண்ணிய வித்துகளை) கையாள வேண்டாம். அந்த மேடை தட்டைக் காக்கும், உங்களைக் காக்காது. காற்று ஸ்போர்களை நேராக உங்கள் முகத்துக்கே கொண்டுவரும். உயிரியல் பாதுகாப்புப் பெட்டி இருந்தால் அதில் செய்யுங்கள். இல்லையென்றால் உலர்ந்த ஸ்போரைக் கிளறாமல், ஈரமாக்கிய பிறகே திறந்து வேலை பாருங்கள்.

பஃபரையும் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நம் நொதிக்குக் கால்சியம் உயிர். பாஸ்பேட் பஃபரில் கால்சியம் குளோரைடைச் சேர்த்தால் கால்சியம் பாஸ்பேட்டாக வெள்ளையாய் இறங்கிவிடும். சிட்ரேட்டோ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே பிஎச் 5-க்கு அசிட்டேட், பிஎச் 7.5-க்கு டிரிஸ். இரண்டிலும் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு.

2. நொதிச் செயல் அளவீட்டை நிலைநிறுத்துதல்

முழு வேலையும் இதன்மேல்தான் நிற்கிறது. அளவீட்டில் 30 சதவீதம் ஆட்டம் இருந்தால், பின்னால் எந்தப் படியில் நொதி போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பூஞ்சை வருவதற்கு முன், கடையில் கிடைக்கும் பூஞ்சை அமைலேஸ் பொடி கொஞ்சம் வாங்கி அதை வைத்துப் பழகுங்கள்.

டிஎன்எஸ் கரைசல்: 10 கிராம் 3,5-டைநைட்ரோ சாலிசிலிக் அமிலத்தை 200 மி.லி. 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடிலும் 300 மி.லி. நீரிலுமாகக் கரைத்து, அதில் 300 கிராம் ரோஷெல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மொத்தம் 1 லிட்டர் ஆக்குங்கள். பழுப்புப் பாட்டிலில் வையுங்கள். ரோஷெல் உப்பு, கரைசலில் ஆக்சிஜன் கரைவதைக் குறைக்கிறது. அதைக் குறைத்துப் போட்டால் நிறம் நிலைக்காது.

மாவுச்சத்துக் கரைசல்: 1 கிராம் கரையும் ஸ்டார்ச்சை முதலில் குளிர்ந்த பஃபரில் 10 மி.லி. அளவுக்குக் கூழாகக் கலக்கி, கொதிக்கும் பஃபரில் ஊற்றிக் கிளறி, ஆறியபின் 100 மி.லி. ஆக்குங்கள். பொடியை நேராகக் கொதிநீரில் கொட்டினால், கேழ்வரகு மாவு கட்டி தட்டுவதுபோல வெளியே வெந்து உள்ளே மாவாகவே நிற்கும். அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். குளிரில் வைத்த கரைசலில் சங்கிலிகள் மறுபடி ஒட்டிக்கொண்டு வீழ்படிவாகும். நொதிக்கு அது வேறொரு பொருள்தான்.

சோதனை: 0.5 மி.லி. ஸ்டார்ச் கரைசலை 40 டிகிரியில் 5 நிமிடம் சூடேற்றுங்கள். தகுந்தபடி நீர்க்கச் செய்த நொதி 0.5 மி.லி. சேருங்கள். 10 நிமிடம் கழித்து 1 மி.லி. டிஎன்எஸ் ஊற்றி நிறுத்துங்கள். கொதிநீரில் 5 நிமிடம், குளிர்நீரில் ஆறவைத்து, 10 மி.லி. நீர் சேர்த்து, 540 நானோமீட்டரில் படியுங்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் தனி வெற்றுச் சோதனை வேண்டும். அதில் டிஎன்எஸ் முதலில், நொதி பிறகு. காரத்தில் விழுந்த நொதி வேலை செய்யாது, ஆனால் அதோடு வந்த சர்க்கரை நிறம் காட்டும். தவிட்டுச் சாற்றில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருக்கும். நீரை மட்டும் வைத்து வெற்றுச் சோதனை செய்தவர்களுக்கு முதல் சாற்றில் பிரமாதமான அளவு வரும். டயாலிசிஸ் (சிறு மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றும் படி) முடிந்ததும் ‘பாதி நொதி காணாமல் போய்விட்டது’ என்று பதறுவார்கள். போனது நொதியல்ல, சர்க்கரை.

நியமக் கோட்டுக்கு (தெரிந்த அளவு சர்க்கரை எவ்வளவு நிறம் தருகிறது என்று காட்டும் கோடு) 0.2 முதல் 2 மி.கி. வரை மால்டோஸ். பாட்டிலின் முகப்புச் சீட்டைப் படியுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை நீர் சேர்ந்த மால்டோஸ், மூலக்கூறு எடை 360.3. நீரற்றதென்று நினைத்து 342.3 போட்டால், எல்லாக் கணக்கும் 5 சதவீதம் நகர்ந்துவிடும். ஒரே கட்டுரைக்குள் ஒரு நாள் குளுக்கோஸ் கோடு, இன்னொரு நாள் மால்டோஸ் கோடு என்று மாற்றவும் கூடாது. டிஎன்எஸ் இரண்டுக்கும் ஒரே அளவு நிறம் தராது.

இனி நேர்கோட்டுச் சோதனை. 0, 2, 5, 10, 15 நிமிடங்களில் நிறுத்திப் பாருங்கள். நொதியை இரட்டிப்பாக்கினால் அளவும் இரட்டிப்பாக வேண்டும். வரவில்லையென்றால் நொதி மிகையாக இருக்கிறது, ஸ்டார்ச் தீர்ந்துகொண்டிருக்கிறது. பூஞ்சைச் சாற்றை 100 அல்லது 200 மடங்கு நீர்க்க வேண்டியிருப்பது சாதாரணம். புதியவர்கள் 10 மடங்கோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 மடங்கு நீர்த்த மாதிரி 0.72 மி.கி. மால்டோஸ் காட்டுகிறது. 0.72-ஐ 360.3-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் 2.0 மைக்ரோமோல். அதை 200-ஆல் பெருக்கி, 10 நிமிடத்தாலும் 0.5 மி.லி.-யாலும் வகுத்தால் மி.லி.-க்கு 80 யூனிட். யூனிட் என்பது இங்கே நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் மால்டோஸுக்கு இணையான சர்க்கரை. இந்த வரையறையை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். வெப்பநிலையும் பிஎச்சும் சேர்த்து.

ஒரு எச்சரிக்கை: வாயால் பிப்பெட் இழுக்கும் பழக்கம் இன்னும் சில கல்லூரிகளில் இருக்கிறது. எந்த ஆய்வகத்திலும் அது தவறு, அமைலேஸ் வேலையில் இரட்டைத் தவறு. நம் எச்சிலிலேயே அமைலேஸ் இருக்கிறது. வெற்றுச் சோதனையில் விளக்கமில்லாமல் நிறம் ஏறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். திறந்த குழாய்களுக்கு மேல் அரட்டை அடித்தாலும் இதே கதைதான்.

3. புரத அளவீடு

பிராட்ஃபோர்டு முறை போதும். 595 நானோமீட்டர், நியமத்துக்கு மாட்டு சீரம் அல்புமின். லௌரி முறையை டிரிஸும் அமோனியம் சல்ஃபேட்டும் கெடுக்கும், நம் வேலையில் இரண்டும் வரப் போகின்றன. 280 நானோமீட்டர் உறிஞ்சலைப் பின்னால் புரதங்களைப் பிரிக்கும் பிசின் குழாயிலிருந்து பகுதி பகுதியாக வரும் பின்னங்களைக் கண்காணிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சாற்றில் தவிட்டின் பழுப்பு நிறமிகளும் அங்கேயே உறிஞ்சும், புரதம் இல்லாத இடத்தில் புரதம் இருப்பதாகக் காட்டும்.

4. பூஞ்சையை வளர்த்தல்

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் 5 முதல் 7 நாள் வளர்ந்த சாய்வுக் குழாயில் 0.1 சதவீத ட்வீன் 80 (சோப்புபோல ஈரமாக்கும் பொருள்) ஊற்றி, ஸ்போர்களை மெதுவாகத் தேய்த்து எடுங்கள். ஸ்போர் நீரை ஒட்டாத தன்மை உடையது. ட்வீன் இல்லாமல் மேலே திட்டுத் திட்டாக மிதக்கும். ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணி மி.லி.-க்கு ஏறத்தாழ ஒரு கோடி என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். எண்ணாமல் ‘ஒரு லூப்’ என்று விதைத்தால் அடுத்த முறை அதே அளவு நொதி வராது.

250 மி.லி. கூம்புக் குடுவை ஐந்து. ஒவ்வொன்றிலும் 10 கிராம் கோதுமைத் தவிடு, 12 மி.லி. உப்புக் கரைசல். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், அமோனியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்ஃபேட் ஆகியவை சிறிதளவு கலந்தது. ஈரம் 60 சதவீதத்தை ஒட்டி வரும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவுபோலக் கூட வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் தவிட்டுக்கு இடையே காற்று போகாது, பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். கிருமி போவதற்கு மட்டுமல்ல, தவிட்டில் ஏற்கெனவே உள்ள கோதுமையின் சொந்த அமைலேஸ்களும் அழிய வேண்டும். விதைக்காத ஒரு குடுவையையும் கூடவே வைத்து, கடைசியில் அதிலும் சாறு எடுத்து அளந்து பாருங்கள். பூச்சியம் வர வேண்டும்.

குடுவைக்கு 1 மி.லி. ஸ்போர் கரைசல், 30 டிகிரி, 72 முதல் 96 மணி நேரம். முதல் நாள் முடிவில் குடுவையைத் தட்டிக் கட்டியை உடைத்துவிடுங்கள், உள்ளே தேங்கும் சூடும் கரியமில வாயுவும் வெளியேறும். நாள் கணக்கையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை விதைத்தால் திங்கள் காலை 72 மணி நேரம். செவ்வாயன்று விதைத்துவிட்டு, அறுவடை சனிக்கிழமை வருகிறது என்று வெள்ளி மாலை கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

எந்த மணி நேரத்தில் நிறுத்துவது என்பதற்கு முதல் சுற்றில் 48, 72, 96, 120 மணியில் ஒவ்வொரு குடுவை எடுத்து அளந்து முடிவு செய்யுங்கள். உச்சத்துக்குப் பிறகு காத்திருந்தால் புரோட்டியேஸும் ஸ்போரும்தான் கூடும். குடுவை முழுக்கப் பச்சையாவதைப் பார்த்தால் நல்ல வளர்ச்சி என்று மகிழ்ச்சியாக இருக்கும். நொதிக்கு அது தாமதம்.

5. சாறு எடுத்தல்

குடுவைக்கு 100 மி.லி. குளிர்ந்த 50 மில்லிமோலார் அசிட்டேட் பஃபர், பிஎச் 5. ஒரு மணி நேரம் ஆட்டுங்கள். மெல்லிய மஸ்லின் துணியில் பிழிந்து, 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் 20 நிமிடம் சுழற்றுங்கள். தவிடு குடித்ததுபோக 500-இல் சுமார் 400 மி.லி. கிடைக்கும். பூஞ்சை இழையை அரைக்க வேண்டாம். நம் நொதி வெளியே சுரக்கப்படுவது. அரைத்தால் செல்லுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான புரதங்களை நாமே அழைத்து வந்ததாகிவிடும்.

ஜி விசையும் நிமிடச் சுற்றும் ஒன்றல்ல. 8 செ.மீ. ஆரமுள்ள சுழலியில் 10,000 சுற்று என்பது ஏறத்தாழ 8,900 ஜி. ஆரத்தைச் செ.மீ.-இல் எடுத்து, சுற்று எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

புரோட்டியேஸைத் தடுக்கப் பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார் சேர்க்கலாம். நஞ்சு, கையுறை வேண்டும். நீரில் சீக்கிரம் சிதையும் என்பதால் கடைசி நேரத்தில் சேருங்கள். புரோட்டியேஸ் தடுப்புக் கலவைகள் பலவற்றில் ஈடிடிஏ இருக்கும். அது கால்சியத்தைக் கவ்விக்கொண்டு நம் நொதியையே குலைக்கும்.

இங்கிருந்து ஒரு விதி. ஒவ்வொரு படியிலும் 1 மி.லி. தனியே எடுத்து, பெயரும் மொத்தக் கன அளவும் எழுதிப் பனியில் வையுங்கள். எதையும் அளக்காமல் கொட்டாதீர்கள். மேலே நின்ற தெளிநீர், குழாயில் ஒட்டாமல் போனது, கழுவிய நீர் எல்லாம் அதில் சேரும். ‘நொதி போய்விட்டது’ என்று என்னிடம் வந்த கதைகளில் பெரும்பாலானவற்றில் அது தொட்டியில்தான் போயிருந்தது.

6. அமோனியம் சல்ஃபேட்டால் படியவைத்தல்

முதலில் 10 மி.லி. பங்குகளில் 20, 40, 60, 80 சதவீதச் செறிவு (அதாவது, நீரில் கரையக்கூடிய உச்ச அளவில் இத்தனை சதவீதம் உப்பு) வைத்துப் பாருங்கள். சுழற்றியபின் வண்டலை அல்ல, தெளிநீரில் மிச்சமிருக்கும் செயலை அளப்பது எளிது. எந்தச் செறிவில் தெளிநீரின் செயல் விழத் தொடங்குகிறதோ அதற்குக் கொஞ்சம் கீழே முதல் வெட்டு, முழுதாக விழும் இடத்தில் இரண்டாவது வெட்டு.

எத்தனை கிராம் என்பதை அட்டவணையில் பாருங்கள், ஆனால் எந்த வெப்பநிலைக்கான அட்டவணை என்றும் பாருங்கள். 25 டிகிரியில் பூச்சியத்திலிருந்து 80 சதவீதத்துக்கு லிட்டருக்கு 561 கிராம். 0 டிகிரியில் ஏறத்தாழ 520 கிராம்தான். பனியில் வைத்துக்கொண்டு 25 டிகிரி அட்டவணைப்படி போட்டால் நினைத்ததைவிட அதிகச் செறிவுக்குப் போய்விடுவீர்கள். உங்கள் 40 சதவீத வெட்டு உண்மையில் 40 ஆக இருக்காது.

உப்பை நன்றாகப் பொடித்து, பனியில் வைத்த சாற்றில் காந்தக் கலக்கியை மெதுவாக ஓடவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் விழுந்த இடத்தில் செறிவு தாறுமாறாக ஏறி, அடுத்த வெட்டில் வர வேண்டிய புரதமும் சேர்ந்து இறங்கும். நுரை கிளப்பாதீர்கள். காற்றும் நீரும் சேருமிடத்தில் புரதம் விரிந்து கெடும். இடையில் பிஎச்சையும் பாருங்கள், உப்பு அதைக் கீழே இழுக்கும்.

ஒரு மணி நேரம் விட்டு, 10,000 ஜி விசையில் 30 நிமிடம். 80 சதவீத உப்புநீர் கனமானது, வண்டல் இறங்க நேரம் கொடுங்கள். வண்டலை 15 மி.லி. பஃபரில் கரையுங்கள். இடையில் விடுமுறை குறுக்கிட்டால் இதுதான் நிறுத்தி வைக்கச் சரியான இடம். உப்புக்குள் வண்டலாக இருக்கும் புரதம் 4 டிகிரியில் பல நாள் தாங்கும்.

7. டயாலிசிஸ்

12 முதல் 14 கிலோடால்டன் வரம்புள்ள குழாய். அதை ஈடிடிஏ சேர்த்த பைகார்பனேட்டில் கொதிக்கவைத்துத் தயார் செய்வது வழக்கம். அப்படிச் செய்தால் பிறகு காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். காரணம் மேலே சொன்ன அதே கால்சியம்.

குழாயை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். உள்ளே உப்பு மிகுதி என்பதால் நீர் புகுந்து பை வீங்கும், இறுக்கிக் கட்டியது இரவில் வெடிக்கும். 15 மி.லி. போட்டது 30 மி.லி. ஆவது இயல்பு. 2 லிட்டர் பஃபருக்கு எதிராக, இரண்டு மூன்று முறை மாற்றி, கடைசி முறை இரவு முழுக்க வையுங்கள். பஃபர், அடுத்த படியில் பிசின் குழாய்க்கு வைத்திருக்கும் அதே 20 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.5.

டிரிஸின் பிஎச் வெப்பநிலையோடு ஆடும், டிகிரிக்கு சுமார் 0.028. அறையில் 7.5 என்று வைத்தது குளிர் அறையில் 8.1 ஆகும். வேலை செய்யப்போகும் வெப்பநிலையிலேயே சரிசெய்யுங்கள்.

முடிந்ததா என்று அறிய, வெளிப் பஃபரில் ஒரு சொட்டு பேரியம் குளோரைடு விடுங்கள். வெள்ளை விழுந்தால் சல்ஃபேட் இன்னும் இருக்கிறது. பேரியம் நஞ்சு, கழிவைத் தனியே சேருங்கள்.

8. அயனிப் பரிமாற்றம்

நொதியின் சமமின்புள்ளி 4-ஐ ஒட்டி. பிஎச் 7.5-இல் அது எதிர்மின் ஏற்றத்தோடு இருக்கும். நேர்மின் ஏற்றமுள்ள டிஇஏஇ பிசின் அதைப் பிடிக்கும். பிஎச் 5-இலேயே ஓட்டினால் ஏற்றம் குறைவு, பிடிப்பும் தளர்வு. சாறு எடுத்த பஃபரை அப்படியே இங்கும் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

20 மி.லி. பிசினை அதன் கன அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு பஃபரால் கழுவி, வெளியே வரும் நீரின் பிஎச்சும் மின்கடத்துதிறனும் பஃபரோடு ஒத்துப்போகும்வரை ஓட்டுங்கள். மாதிரியைச் சுழற்றித் தெளிவாக்கி ஏற்றுங்கள். மங்கலான மாதிரி பிசினின் மேல் தோலாகப் படிந்து ஓட்டத்தை அடைக்கும். 280 நானோமீட்டர் அளவு தரைக்கு இறங்கும்வரை கழுவி, 0 முதல் 0.5 மோலார் வரை உப்புச் சரிவாக 200 மி.லி. விட்டு, 5 மி.லி. பின்னங்களாகப் பிடியுங்கள்.

நொதி முழுக்க ஒட்டாமல் ஓடிவிட்டால் பத்தில் எட்டு முறை காரணம், டயாலிசிஸ் பாதியில் நின்றிருப்பது. சல்ஃபேட் பிசினில் நொதியின் இடத்தைப் பிடித்திருக்கும். ஓடிய நீரை எறியாமல் வைத்திருந்தால் (விதி ஞாபகம் இருக்கிறதல்லவா) மறுபடி டயாலிசிஸ் செய்து மறுபடி ஏற்றலாம். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

நாற்பது பின்னங்களுக்கும் முழு டிஎன்எஸ் செய்ய வேண்டாம். வெள்ளைத் தட்டின் குழிகளில் ஸ்டார்ச் ஒரு துளி, பின்னம் ஒரு துளி, 5 நிமிடம் கழித்து அயோடின் ஒரு துளி. நீலம் வராத குழிகளின் பின்னங்களுக்கு மட்டும் டிஎன்எஸ். சேர்க்கும்போது பேராசை கூடாது. முகட்டின் ஓரங்களை விட்டு, யூனிட்டை மி.கி.-ஆல் வகுத்தது உயர்ந்து நிற்கும் நடுப்பகுதியை மட்டும் சேருங்கள்.

9. ஜெல் வடிகட்டல், தேவைப்பட்டால்

இது புரதங்களை அளவுப்படி பிரிக்கும் பிசின் குழாய். மாதிரி, பிசின் கன அளவில் 2 முதல் 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பஃபரில் 0.15 மோலார் உப்பு இருக்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள். செஃபடெக்ஸ் பிசின் டெக்ஸ்ட்ரானால் ஆனது, அதாவது சர்க்கரைச் சங்கிலி. அமைலேஸ்கள் சில அதோடு லேசாக ஒட்டித் தாமதமாக வரும், மூலக்கூறு எடை உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். அடுத்த படியில் வரும் எஸ்டிஎஸ்-பேஜ் ஜெல்லில் 53 கிலோடால்டன், இந்தக் குழாயில் 35 என்று வந்தால் நொதி உடைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

10. தூய்மையைப் பார்த்தல்

12 சதவீத எஸ்டிஎஸ்-பேஜ் ஜெல்லில் (மின்புலத்தில் புரதங்களை எடைப்படி பிரிப்பது) எல்லாப் படிகளின் மாதிரியும் பக்கத்துப் பக்கத்தில் ஓட வேண்டும். கன அளவு சமமாக அல்ல, புரதம் சமமாக இருக்கும்படி ஏற்றுங்கள். அப்போதுதான் படிக்குப் படி மற்ற பட்டைகள் மங்கி, ஒன்று தடிப்பது தெரியும். பூஞ்சை நொதிகள் சர்க்கரை ஒட்டிய புரதங்கள். பட்டை கொஞ்சம் அகலமாக வந்தால் பயப்பட வேண்டாம்.

ஒற்றைப் பட்டை வந்தால் மட்டும் போதாது, அந்தப் பட்டைதான் அமைலேஸ் என்று காட்ட வேண்டும். அதற்கு சைமோகிராம். ஜெல்லிலேயே 0.2 சதவீத ஸ்டார்ச் கலந்து, மாதிரியைக் கொதிக்கவைக்காமல், மெர்கேப்டோஎத்தனால் சேர்க்காமல், குளிரில் ஓட்டுங்கள். 2.5 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100-இல் இரண்டு முறை அரை மணி நேரம் கழுவினால் எஸ்டிஎஸ் போய் நொதி மறுபடி மடங்கும். கால்சியம் சேர்த்த அசிட்டேட் பஃபரில் 40 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். பிறகு அயோடின். கருநீலத்தில் வெளுத்த பட்டைதான் நம் நொதி. உடனே படம் எடுங்கள், நிறம் நிற்காது. ஸ்டார்ச் நொதியைப் பிடித்திழுப்பதால் இந்த ஜெல்லிலிருந்து மூலக்கூறு எடை சொல்லக் கூடாது.

11. தூய்மைப்படுத்தல் அட்டவணை

கணக்கு புரிவதற்காக வட்டமான எண்களோடு ஒரு மாதிரி. முதல் சாறு 400 மி.லி., மி.லி.-க்கு 80 யூனிட், 2 மி.கி. புரதம். மொத்தம் 32,000 யூனிட், 800 மி.கி., ஆகவே மி.கி.-க்கு 40 யூனிட். டயாலிசிஸ் முடிந்தது 30 மி.லி., மி.லி.-க்கு 800 யூனிட், 6 மி.கி. மொத்தம் 24,000 யூனிட், மி.கி.-க்கு 133. மீட்பு 75 சதவீதம், தூய்மை 3.3 மடங்கு. டிஇஏஇ முடிந்தது 20 மி.லி., மி.லி.-க்கு 720 யூனிட், 0.9 மி.கி. மொத்தம் 14,400 யூனிட், மி.கி.-க்கு 800. மீட்பு 45 சதவீதம், 20 மடங்கு.

அடிக்கடி வரும் பிழை, கன அளவை எழுத மறப்பது. மி.லி.-க்கு 80 ஆக இருந்தது 800 ஆனதும் பத்து மடங்கு தூய்மை என்று எழுதிவிடுகிறார்கள். அது வெறும் செறிவு, நீர் குறைந்திருக்கிறது. மீட்பு 100-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு தடுப்பான் விலகியிருக்கலாம். அதை எழுதும் முன் முதல் சாற்றின் அளவீட்டை மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் அங்கே நீர்த்தல் போதாமல் இருந்திருக்கும்.

12. இது ஆல்ஃபாதானா?

பூஞ்சைச் சாற்றில் குளுக்கோஅமைலேஸும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸும் கூடவே இருக்கும், டிஎன்எஸ் மூன்றையும் ஒன்றாகவே பார்க்கும். பிரித்தறிய இரண்டு வழி. அயோடின் நிறம் சீக்கிரம் மறைந்து, சர்க்கரை மெதுவாக ஏறினால் சங்கிலி நடுவில் வெட்டப்படுகிறது, அதாவது ஆல்ஃபா. குளுக்கோஅமைலேஸ் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவதால் நீலம் நீண்ட நேரம் நிற்கும்.

இரண்டாவது, மென்படல வகைப்பிரிகை. சிலிக்கா தட்டு, பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் 2:1:1. மெத்தனாலில் கரைத்த கந்தக அமிலம் தெளித்து 110 டிகிரியில் சூடாக்குங்கள், புகைப்பெட்டிக்குள். மால்டோஸும் மால்டோட்ரையோஸும் முக்கியப் புள்ளிகளாக வந்தால் ஆல்ஃபா. தொடக்கத்திலிருந்தே குளுக்கோஸ் மட்டும் என்றால் உங்கள் பின்னத்தில் இருப்பது வேறு நொதி. 5, 30 நிமிடம், 24 மணி நேரம் என மூன்று மாதிரிகளாவது ஓட்டுங்கள். 24 மணி நேர மாதிரியை மட்டும் பார்த்தால் ஆல்ஃபாவும் கொஞ்சம் குளுக்கோஸ் காட்டும், குழப்பம்தான் மிஞ்சும்.

13. பண்புகளை அளத்தல்

பிஎச்: உச்சமும் நிலைப்பும் வேறு வேறு சோதனைகள். முதலாவதில் ஒவ்வொரு பிஎச்சிலும் நேராகச் செயலை அளக்கிறோம். இரண்டாவதில் ஒவ்வொரு பிஎச்சிலும் நொதியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு எல்லாவற்றையும் பிஎச் 5-க்குக் கொண்டுவந்து அளக்கிறோம். பஃபர் மாறும் இடத்தில் ஒரே பிஎச்சை இரு பஃபரிலும் செய்யுங்கள். வரைபடத்தில் அங்கே பள்ளம் வந்தால் அது பஃபரின் வேலை. சிட்ரேட்-பாஸ்பேட் கலந்த மெக்கில்வெய்ன் பஃபர் வசதியாக இருந்தாலும் இந்த நொதிக்கு வேண்டாம்.

வெப்பநிலை: ‘உச்ச வெப்பநிலை 55’ என்று மட்டும் எழுதினால் பொருளில்லை. 10 நிமிடச் சோதனையில் 55 வருவது 60 நிமிடச் சோதனையில் 45 ஆகலாம், ஏனென்றால் நொதி வேலை செய்துகொண்டே செத்துக்கொண்டும் இருக்கிறது. நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதைவிடப் பயனுள்ளது அரைவாழ்வு. 50, 55, 60 டிகிரியில் நொதியை வைத்து, அவ்வப்போது எடுத்துப் பனியில் போட்டு, மிச்சச் செயலின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். சரிவு கே என்றால் அரைவாழ்வு 0.693-ஐக் கே-ஆல் வகுத்தது. இதைக் கால்சியத்தோடும் கால்சியம் இல்லாமலும் செய்தால் ஒரே வரைபடம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லும்.

உலோக அயனிகள்: பாதரசம், தாமிரம் போன்றவற்றைச் சேர்த்து ‘தடுக்கிறது’ என்று எழுதும் முன், நொதியே இல்லாமல் மால்டோஸ் நியமத்தில் அதே உலோகத்தைச் சேர்த்து டிஎன்எஸ் செய்து பாருங்கள். உலோகம் நொதியைத் தொடாமல் நிறத்தை மட்டும் கெடுத்திருக்கலாம்.

இயக்கவியல்: ஸ்டார்ச்சுக்குத் திட்டமான மூலக்கூறு எடை இல்லை, ஆகவே கேஎம்-ஐ (நொதியின் வேகம் உச்சத்தில் பாதியாகும் ஸ்டார்ச் செறிவு) மில்லிமோலாரில் சொல்லாமல் மி.லி.-க்கு மி.கி. என்றே சொல்லுங்கள். செறிவுகளைக் கேஎம்-இன் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை விரியுங்கள். ஸ்டார்ச்சில் 5 சதவீதத்துக்குமேல் தீர்ந்துவிடாதபடி நேரத்தைக் குறையுங்கள், நாம் தேடுவது தொடக்க வேகம். குறைந்த செறிவில் டிஎன்எஸ் உணராது, அங்கே நெல்சன்-சோமோகி முறைக்கு மாறுங்கள், ஆனால் மாறினால் முழு வரிசையையும் அதிலேயே செய்யுங்கள். லைன்வீவர்-பர்க் கோட்டில் (வேகத்தின் தலைகீழைச் செறிவின் தலைகீழுக்கு எதிராக வரைவது) மிகக் குறைந்த செறிவுப் புள்ளி, அதாவது மிக அதிகப் பிழையுள்ள புள்ளி, கோட்டையே இழுத்துக்கொண்டு போகும். வளைகோட்டை நேராகப் பொருத்தும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

14. சேமிப்பு

சில நாளுக்கு 4 டிகிரி, கால்சியம் சேர்த்த பஃபரில். மாதக்கணக்கில் வைக்க 50 சதவீத கிளிசரால் சேர்த்து, 0.2 மி.லி. பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20-இல். அந்தச் செறிவில் அது உறையாது, உறைந்து உருகும் சேதமும் இல்லை. கிளிசரால் பிசுக்கென்று இருப்பதால் பிப்பெட் முனையில் ஒட்டும். எடுக்கும்போது மெதுவாக இழுத்து, முனையின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு விடுங்கள். வைத்த நாளிலும், 30-ஆம் நாளிலும், 90-ஆம் நாளிலும் ஒரு பங்கை எடுத்து அளந்து, தேதியோடு அதே நோட்டில், யூனிட் வரையறை எழுதிய முதல் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் குறித்துவையுங்கள். அடுத்து வரும் மாணவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.